பெஞ்ச் பவர் சப்ளையில் மின்னழுத்தச் சோதனை வரிசையை நிரலாக்குதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

வாகனத்தில் பொருத்தும் மின்னணுக் கருவி ஒன்றை மேசையில் வைத்துச் சோதிப்பவர்கள், பவர் சப்ளையின் குமிழைத் திருகி மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டு, கருவி தாங்குகிறது என்று முடிவு செய்துவிடுவதுண்டு. அந்தச் சோதனையை மறுநாள் இன்னொருவர் அதே வேகத்திலும் அதே இடைவெளியிலும் திரும்பச் செய்ய முடியாது. கருவி எந்த அழுத்தத்தில், எத்தனை நொடி கழித்துத் தடுமாறியது என்பதற்குப் பதிவும் இராது. கணினியிலிருந்து கட்டளை பெறக்கூடிய பவர் சப்ளை கையில் இருந்தால் இந்த வேலையை ஒரு சிறு நிரலிடம் ஒப்படைத்துவிடலாம். அடிப்படை மின்னியலும் சிறிதளவு பைத்தானும் தெரிந்து, இதை முதன்முறையாகச் செய்யப்போகிறவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இதில் நிரல் எழுதுவது எளிய பகுதி. நிரல் அனுப்பும் எண் ஒன்றாகவும், கருவியின் முனையில் உண்மையில் நிற்கும் அழுத்தம் வேறொன்றாகவும் இருப்பதுதான் கடினமான பகுதி. ஆகவே கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதையும் குறைப்பதையும் பற்றியவை.

சோதனையைத் தாளில் முடித்துவிடுதல்

நிரலைத் திறக்கும் முன் சோதனையை எண்களோடு எழுதி வைக்க வேண்டும். நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம், 12 வோல்ட் வாகனங்களுக்கான இருப்பிடக் கண்காணிப்புக் கருவி. அதற்குள் ஒரு மைக்ரோகண்ட்ரோலர், செல்பேசி நெட்வொர்க் வழியாகச் செய்தி அனுப்பும் ஒரு ஜிஎஸ்எம் மோடம், அழுத்தத்தை இறக்கி இரண்டுக்கும் மின்சாரம் தரும் பக் கன்வெர்ட்டர், அதற்கு முன்னால் துருவம் மாறினால் காக்கும் டையோடு, ஒரு சிறிய காப்பு பேட்டரி ஆகியவை இருப்பதாகக் கொள்வோம். சோதனை, வாகன மின்னணுக் கருவிகள் எதிர்கொள்ளும் மின்னியல் நிலைமைகளை வகுக்கும் ஐஎஸ்ஓ 16750-2 தரநிலையிலிருந்து எடுத்தது: மின்னழுத்தம் இறங்கி ஏறும்போது கருவி எப்படி மீண்டும் தொடங்குகிறது என்பதைப் பார்க்கும் சோதனை.

அதன் நடைமுறை எளிது. கருவியின் கீழெல்லை அழுத்தத்தில் தொடங்கி, அதில் 5 விழுக்காடு குறைத்து 5 நொடி வைக்க வேண்டும். மீண்டும் கீழெல்லைக்கு உயர்த்திக் குறைந்தது 10 நொடி வைத்து, கருவி தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த முறை 10 விழுக்காடு, அதற்கடுத்து 15 விழுக்காடு என்று 0 வோல்ட் வரை இறங்க வேண்டும். 12 வோல்ட் அமைப்புகளுக்குத் தரநிலை நான்கு கீழெல்லைகளைத் தருகிறது: 6, 8, 9, 10.5 வோல்ட், மேலெல்லை நான்குக்கும் 16 வோல்ட். நம் கருவிக்குக் கீழெல்லை 9 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு இறக்கமும் முந்தையதைவிட 0.45 வோல்ட் ஆழமாகும்: 8.55, 8.10, 7.65 என்று தொடங்கி 20 இறக்கங்களில் 0 வந்துவிடும். ஒரு சுற்றுக்கு 15 நொடி வீதம் மொத்தம் 5 நிமிடம்.

இந்த இடத்திலேயே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. மோடம் ஒருமுறை விழுந்து எழுந்தால், நெட்வொர்க்கில் மறுபடி பதிவாக 10 நொடி போதாமல் போகலாம். தரநிலை ‘குறைந்தது 10 நொடி’ என்றுதான் சொல்கிறது என்பதால், மீட்சி நேரத்தை 60 நொடியாக வைத்துக்கொள்ளலாம். அப்போது மொத்தம் 1,300 நொடி, அதாவது ஏறத்தாழ 22 நிமிடம் ஆகும். நிரல் செய்யும் வேலை என்பதால் இந்த நேரத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

‘வேலை செய்கிறது’ என்பதற்குப் பொருளையும் இப்போதே எழுதிவிட வேண்டும். எல்இடி எரிகிறது என்பது போதாது. மைக்ரோகண்ட்ரோலர் சீரியல் போர்ட்டில் தன் இயக்க நேரத்தைச் சொல்ல வேண்டும், கடைசியாக மீண்டும் தொடங்கியதன் காரணத்தைச் சொல்ல வேண்டும், மோடம் நெட்வொர்க்கில் இருப்பதாகச் சொல்வதோடு நில்லாமல் ஒரு செய்தியை உண்மையிலேயே அனுப்பி முடிக்க வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது பதிவைப் படிக்கும் பகுதியில் தெரியும்.

உங்கள் சப்ளை இதற்குப் போதுமா

பெஞ்ச் பவர் சப்ளைகளில் பெரும்பாலானவை மின்னோட்டத்தை வெளியே தள்ளத் தெரிந்தவை, உள்ளே இழுக்கத் தெரியாதவை. அழுத்தத்தை உயர்த்தச் சொன்னால் விரைவாக உயர்த்தும். குறைக்கச் சொன்னால், தன் வெளியீட்டு மின்தேக்கியில் உள்ள மின்னூட்டத்தைச் சுமைதான் இழுத்துத் தீர்க்க வேண்டும் என்று காத்திருக்கும். சப்ளையில் 470 மைக்ரோஃபாரட், கருவியின் உள்ளீட்டில் 1,000 மைக்ரோஃபாரட், கருவி அப்போது இழுப்பது 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தை மின்தேக்கத்தால் வகுத்தால் நொடிக்கு 13.6 வோல்ட் வீழ்ச்சி கிடைக்கிறது. 9 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட்டுக்கு இறங்க மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும்.

5 நொடி நிற்கும் இறக்கத்துக்கு இது பெரிய குறையல்ல. ஆனால் ஆழமான இறக்கங்களில் நிலைமை மாறுகிறது. 4 வோல்ட் அளவில் பக் கன்வெர்ட்டர் நின்றுவிட்டால், பிறகு இழுப்பது 2 மில்லி ஆம்பியர் கசிவு மட்டும் என்றால், மிச்சமுள்ள 4 வோல்ட் இறங்க ஏறத்தாழ 3 நொடி ஆகிவிடும். அதாவது ‘0 வோல்ட்டில் 5 நொடி’ என்று பதிவில் எழுதப்படும் காலத்தில் பாதிக்கு மேல் முனைகளில் 0 வோல்ட் இருந்திராது. டையோடுக்குப் பின்னால் உள்ள கருவியின் மின்தேக்கி சப்ளையின் பக்கம் திரும்ப வடியாது என்பதால் உண்மையான எண் மாறலாம்; சப்ளையின் உட்சுற்றும் சிறிது இழுக்கலாம். எப்படியும் அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு மலிவான தீர்வு, சப்ளையின் முனைகளுக்குக் குறுக்கே ஒரு வடிகால் மின்தடையை இணைப்பது. 47 ஓம் போட்டால் 1,470 மைக்ரோஃபாரடுடன் காலமாறிலி 69 மில்லி நொடி, 9-இலிருந்து 4.5-க்கு 50 மில்லி நொடிக்குள் இறங்கிவிடும். 9 வோல்ட்டில் அந்த மின்தடையில் 1.7 வாட் வெப்பம் எழும், 16 வோல்ட்டில் 5.4 வாட். ஆகவே 10 வாட் வயர்வுண்ட் வகையைப் பயன்படுத்தி, மேசை விரிப்பைத் தொடாதபடி தூக்கி வைக்க வேண்டும். அது 9 வோல்ட்டில் இழுக்கும் 191 மில்லி ஆம்பியர் சப்ளையின் மின்னோட்ட அளவீட்டில் சேர்ந்தே தெரியும் என்பதையும், பதிவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

சில சோதனைகளை இந்தச் சப்ளையில் முயலவே வேண்டாம். இதே தரநிலையில், 9 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட்டுக்கு 100 மில்லி நொடி மட்டும் விழும் சோதனை ஒன்று உண்டு. இறங்கவும் ஏறவும் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லி நொடிக்கு மேல் ஆகக் கூடாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதான அழுத்தச் சரிவின் வடிவமும் மில்லி நொடிக் கணக்கில் வரையறுக்கப்பட்டது. மின்னோட்டத்தை உள்ளிழுக்கவும் தெரிந்த இரு கால்வட்டச் சப்ளையோ, இரண்டு சப்ளைகளுக்கு இடையே மாஸ்ஃபெட் கொண்டு மாற்றும் சுற்றோ இல்லாமல் இவற்றைச் செய்துவிட்டு ‘தேறியது’ என்று எழுதுவது பொய்ச் சான்று.

கம்பிகள்

1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லி ஓம். ஒரு மீட்டர் தூரத்துக்குப் போகவும் வரவும் 36 மில்லி ஓம். 2 ஆம்பியர் ஓடும்போது 72 மில்லி வோல்ட் கம்பியிலேயே போய்விடும். பனானா பிளக்கின் தொடுதடை தனி. நம் ஒரு படி 450 மில்லி வோல்ட் என்பதால், இது படியில் ஆறில் ஒரு பங்கு. சப்ளையில் சென்ஸ் முனைகள் (கம்பியின் மறுமுனை அழுத்தத்தை அளந்து இழப்பை ஈடுகட்ட உதவுபவை) இருந்தால் அவற்றைத் தனிக் கம்பிகளால் கருவியின் முனைவரை கொண்டுபோய் இணைக்க வேண்டும். இல்லையென்றால் கம்பியைக் குட்டையாகவும் தடிமனாகவும் வைத்துக்கொண்டு, கருவியின் முனையில் ஒரு மல்டிமீட்டரை நிரந்தரமாக மாட்டி வைப்பது நல்லது. சென்ஸ் கம்பி கழன்றால் சப்ளை அழுத்தத்தை உயர்த்திக்கொண்டே போகக்கூடும் என்பதால், அந்த இணைப்பைத் திருகிக் கட்ட வேண்டும், முதலைக் கிளிப்பில் விடக் கூடாது.

புதியவர்கள் பெரும்பாலும் எதிர்பாராதது சீரியல் கம்பி. கணினியோடு இணைந்த யுஎஸ்பி-சீரியல் மாற்றியின் அனுப்பும் முனை, சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட்டில் நிற்கும். கருவிக்கு மின்சாரம் போனதும் அந்த 3.3 வோல்ட், மைக்ரோகண்ட்ரோலரின் உள்ளீட்டுக் காப்பு டையோடு வழியாக அதன் மின்தடத்துக்குள் நுழைந்து, சில்லை அரை உயிரோடு வைத்திருக்கும். அப்போது சப்ளை 0 வோல்ட் காட்டும், சில்லின் முனையில் 2 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், நினைவகம் அழியாமல் இருக்கும், மீண்டும் தொடங்க வைக்கும் (ரீசெட்) மின்சுற்று சரியாகச் செயல்படாது. சீரியல் இணைப்பை ஆப்டோகப்ளர் அல்லது டிஜிட்டல் ஐசொலேட்டர் வழியாகக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லையும், கணினியின் எர்த் வழியாக மின்னோட்டம் திரும்பும் தொல்லையும் சேர்ந்தே தீரும். காப்பு பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும். அது இருக்கும்வரை கருவி மீண்டும் தொடங்கவே செய்யாது, சோதனையும் எதையும் சோதிக்காது. பேட்டரியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை என இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பதிவு செய்வது முறை.

கணினியும் சப்ளையும் பேசிக்கொள்ளுதல்

இன்றைய நிரலாக்கச் சப்ளைகள் பெரும்பாலும் எஸ்சிபிஐ எனப்படும் கட்டளை மொழியைப் புரிந்துகொள்கின்றன. 1990-இல் வெளியான இந்த வரையறை, ஐஇஇஇ 488.2 தரநிலையின் மேல் கட்டப்பட்டது. கட்டளைகள் வெறும் எழுத்து வரிகள். யுஎஸ்பி, லேன், பழைய ஜிபிஐபி ஆகிய எதன் வழியாகவும் அதே வரிகள் போகும். பைத்தானில் பைவிசா என்ற நூலகத்தை நிறுவினால் போதும். கணினியைச் சோதனைக் கருவிகளோடு பேசவைக்கும், தயாரிப்பாளரின் விசா மென்பொருள் இல்லாதவர்கள் அதோடு பைவிசா-பை என்பதையும் நிறுவிக்கொள்ளலாம். லேன் வழியாக நேரடி சாக்கெட் திறப்பவர்களுக்குப் பல கருவிகளில் போர்ட் எண் 5025. ரிகோல் கருவிகளில் 5555.

முதலில் அனுப்ப வேண்டியது *ஐடிஎன்? என்ற கேள்வி. (கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், சப்ளைக்கு ஆங்கில எழுத்திலேயே அனுப்ப வேண்டும்.) தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், உள்மென்பொருள் பதிப்பு என்று காற்புள்ளியால் பிரித்த நான்கு விவரங்கள் திரும்பி வந்தால் இணைப்பு சரி. ஒன்றும் வராமல் நேரம் முடிந்துவிட்டது என்று பிழை வந்தால், பெரும்பாலும் வரியின் முடிவில் புதுவரிக் குறி சேர்க்கப்படவில்லை என்பதே காரணம். பைவிசாவின் இயல்பான காத்திருப்பு 2,000 மில்லி நொடி. அதைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன் வரிமுடிவைப் பார்க்க வேண்டும்.

கையேட்டில் ஒரு கட்டளையின் சில எழுத்துகள் பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் அச்சிடப்பட்டிருக்கும். பெரிய எழுத்துகள் மட்டும் சேர்ந்தது குறுவடிவம். எல்லாம் சேர்ந்தது முழுவடிவம். இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம், இடைப்பட்ட அரைகுறை வடிவத்தைச் சப்ளை ஏற்காது. ஏற்காதபோது அது சத்தம் போடுவதில்லை என்பதுதான் சங்கடம்: கட்டளையைத் தூக்கி எறிந்துவிட்டு, பிழையைத் தன் வரிசையில் சேர்த்து வைத்துக்கொண்டு, பழைய அழுத்தத்திலேயே நிற்கும். எனவே ஒவ்வொரு கட்டளைத் தொகுதிக்குப் பிறகும் சிஸ்ட்:எர்? என்று கேட்க வேண்டும். 0 வந்தால் பிழையில்லை. -113 என்றால் கட்டளைப் பெயர் தெரியவில்லை. -222 என்றால் எண் எல்லைக்கு வெளியே. -420 என்றால் கேள்வியே கேட்காமல் பதிலை வாசிக்க முயன்றிருக்கிறோம்.

காப்பு எல்லைகளைச் சப்ளைக்குள்ளேயே வைத்தல்

நிரலில் ‘10 வோல்ட்டுக்கு மேல் அனுப்பாதே’ என்று எழுதுவது காப்பு ஆகாது. நிரல் தவறாகும் நாளில் அந்த வரியும் சேர்ந்தே தவறாகும். எல்லைகள் சப்ளைக்குள் இருக்க வேண்டும், வெளியீட்டைத் திறப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். தொடக்க வரிசை ஏறத்தாழ இப்படி அமையும்:

*ஆர்எஸ்டி
*சிஎல்எஸ்
வோல்ட்:புரொட் 10.5
கர் 2.5
வோல்ட் 9.00
சிஸ்ட்:எர்?
அவுட்ப் ஆன்

*சிஎல்எஸ் பழைய பிழைகளைத் துடைக்கிறது, வோல்ட்:புரொட் மிகையழுத்தக் காப்பின் எல்லையையும் கர் மின்னோட்ட எல்லையையும் வைக்கின்றன, அவுட்ப் ஆன் வெளியீட்டைத் திறக்கிறது. வரிசைமுறை முக்கியம். *ஆர்எஸ்டி சப்ளையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோவதால், அதற்கு முன் வைத்த காப்பு எல்லையை அழித்துவிடும். ஆகவே அது எப்போதும் முதலில். பிழையைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியீட்டைத் திறக்கிறோம். இந்த வரிகள் எல்லாச் சப்ளைக்கும் அப்படியே பொருந்தா. சிலவற்றில் மிகையழுத்தக் காப்பின் கட்டளை வேறு கிளையில் இருக்கிறது, சேனல் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லை எண்ணை வைப்பது ஒரு கட்டளை, காப்பை இயக்குவது இன்னொரு கட்டளை. எண்ணை மட்டும் வைத்துவிட்டுக் காப்பு இயங்குகிறது என்று நம்பியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கருவி 16 வோல்ட் வரை தாங்கும் என்பதற்காகக் காப்பை 17-இல் வைக்கத் தேவையில்லை. இந்த வரிசையில் எந்த நேரத்திலும் 9 வோல்ட்டுக்கு மேல் போக வேலையில்லை என்பதால், ஏறும்போது சற்று மீறுவதற்கு இடம்விட்டு 10.5 போதும்.

மின்னோட்ட எல்லையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பக் கன்வெர்ட்டர் உள்ள கருவி, அழுத்தம் குறையக் குறைய அதிக மின்னோட்டம் இழுக்கும். அதற்குத் தேவை ஒரே அளவு திறன். ஜிஎஸ்எம் மோடம் செய்தி அனுப்பும் கணத்தில் 4 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை, அதாவது 8 வாட் கேட்கும். கன்வெர்ட்டரின் திறன் விகிதம் 85 விழுக்காடு என்றால், 9 வோல்ட் உள்ளீட்டில் அது ஏறத்தாழ 1.05 ஆம்பியர், 5 வோல்ட் உள்ளீட்டில் 1.9 ஆம்பியர். அந்தத் துடிப்பு 577 மைக்ரோ நொடி நீளமே என்பதால் முகப்பு மீட்டரில் தெரியாது. 9 வோல்ட்டில் மீட்டர் காட்டும் சராசரியைப் பார்த்து 0.8 ஆம்பியருக்கு எல்லை வைத்தால், கீழே இறங்கும்போது சப்ளை மாறா மின்னோட்ட நிலைக்குத் தாவி, அழுத்தத்தைத் தானே குறைத்துவிடும். கருவி மீண்டும் தொடங்கும். குற்றம் கருவியின் தலையில் விழும். கன்வெர்ட்டர் இயங்கும் கடைசி அழுத்தத்துக்கு (இங்கே 4 வோல்ட்) கணக்கிட்டு, வடிகால் மின்தடையின் பங்கையும் சேர்த்து எல்லையை வைக்க வேண்டும். நமக்கு 2.5 ஆம்பியர் வந்தது அப்படித்தான்.

வரிசையை எழுதுதல்

நிரலின் உடல் ஒரே ஒரு சுழற்சி:

படி 1 முதல் 20 வரை:
   இலக்கு = 9.00 × (100 − 5 × படி) ÷ 100
   இலக்கை அனுப்பு, 5 நொடி நிறுத்து, இடையில் இருமுறை அள
   9.00 அனுப்பு, 60 நொடி நிறுத்து, கருவியைக் கேள்
   பதிவில் ஒரு வரி சேர்
இறுதியில், எது நடந்தாலும்: வெளியீட்டை மூடு

இலக்கைக் கணக்கிடும் விதத்தைக் கவனிக்க வேண்டும். 9-இலிருந்து 0.45-ஐத் திரும்பத் திரும்பக் கழித்துக்கொண்டே போனால், தசம எண்களைக் கணினி இரும வடிவில் வைத்திருப்பதால் சிறு பிழைகள் சேர்ந்து, கடைசிப் படியில் 0-க்குப் பதிலாக மிகச் சிறிய எதிர்ம எண்கூட வரலாம். சப்ளை அதை -222 என்று மறுத்துவிடும். ஒவ்வொரு முறையும் முழு எண்ணான படியிலிருந்து புதிதாகக் கணக்கிட்டு, இரண்டு தசம இடங்களுக்கு வடிவமைத்து அனுப்பினால் இந்தச் சிக்கல் எழாது. 10 மில்லி வோல்ட் நுணுக்கம் உள்ள சப்ளைக்கு 0.45-இன் மடங்குகள் அனைத்தும் சரியாகப் பொருந்துகின்றன.

நேரத்தை ‘5 நொடி தூங்கு’ என்று எழுதினால், அளவீட்டுக்கும் பதிவுக்கும் ஆகும் நேரம் அதோடு கூடிக்கொண்டே போகும். படி தொடங்கியபோது கடிகாரத்தைக் குறித்துக்கொண்டு, அந்தக் கணத்தோடு 5 நொடி கூட்டி, அது வரும்வரை காத்திருப்பதே முறை. இதற்குப் பைத்தானின் பின்னோக்கிப் போகாத கடிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். சாதாரண நாள்-நேரக் கடிகாரத்தை இணையம் நடுவில் திருத்திவிடலாம்.

அழுத்தத்தை அனுப்பிய உடனே *ஓபிசி? (‘வேலை முடிந்ததா’ என்ற கேள்வி) கேட்டு 1 என்ற பதில் வந்தால் அழுத்தம் வந்து சேர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வது பரவலான பிழை. பல சப்ளைகளில் அது கட்டளையை ஏற்றுக்கொண்டதை மட்டுமே சொல்கிறது. அரை நொடி கழித்து ஒருமுறையும், படி முடிவதற்கு அரை நொடி முன் ஒருமுறையும் அளந்த அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் தரும் மெஸ்:வோல்ட்?, மெஸ்:கர்? இரண்டையும் கேட்டு, இலக்குக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை நிரலே பார்க்க வேண்டும். அந்த வேறுபாடு 50 மில்லி வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் படியைச் செல்லாது என்று குறிக்க வேண்டும். சப்ளை மாறா அழுத்த நிலையில் இருந்ததா, மாறா மின்னோட்ட நிலையில் இருந்ததா என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். இதைக் கேட்கும் கட்டளை மட்டும் சப்ளைக்குச் சப்ளை வேறுபடும்.

கடைசி வரி அலங்காரம் அல்ல. நிரல் நடுவில் நின்றுபோனால் சப்ளை கடைசியாகக் கேட்ட அழுத்தத்திலேயே நாள் முழுவதும் நிற்கும். பைத்தானில் ‘ஃபைனலி’ பகுதிக்குள் வெளியீட்டை மூடும் கட்டளையை வைத்தால், பிழை வந்தாலும் கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினாலும் அது ஓடும். கணினியே தூங்கிவிட்டால் அதுவும் ஓடாது என்பதால், ஸ்லீப் அமைப்பையும் யுஎஸ்பி மின்சேமிப்பையும் அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

கணினி இல்லாமல் செய்ய முடியுமா

முடியும், சில வரம்புகளோடு. பல சப்ளைகளில் அழுத்தம், மின்னோட்டம், நேரம் மூன்றையும் வரிவரியாக நிரப்பி ஓட்டும் டைமர் வசதி உண்டு. நமக்கு இறக்கம் 20, மீட்சி 20, ஆக 40 வரிகள் தேவை. ரிகோல் டிபி832-இல் 2,048 வரிகள் வரை இடமுண்டு. சிக்லென்ட் எஸ்பிடி3303எக்ஸில் 5 வரிகளே என்பதால் இந்தச் சோதனை அதில் அடங்காது. இப்படிச் செய்தால் நேரம் சப்ளையின் கையில் இருப்பதால் சீராக இருக்கும், கணினி நின்றாலும் வரிசை நிற்காது. ஆனால் கருவியிடம் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போவதா நிற்பதா என்று முடிவு செய்ய அதற்குத் தெரியாது. வெப்ப அறையில் ஆயிரம் முறை ஒரே வடிவத்தைத் திருப்பி ஓட்டும் வேலைக்கு டைமரையும், எங்கே விழுகிறது என்று தேடும் வேலைக்குக் கணினியையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

முதல் ஓட்டம்

முதல் ஓட்டத்தில் உண்மையான கருவியை மாட்டக் கூடாது. அதன் இடத்தில் 22 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றைப் போட்டு, முனைகளில் ஆசிலோஸ்கோப்பை வைத்து, நேர அளவை ஒரு கட்டத்துக்குச் சில நொடிகளாக வைத்து முழு வரிசையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பிறகு நேர அளவைச் சுருக்கி, ஏதாவது ஓர் ஏற்றத்தையும் ஓர் இறக்கத்தையும் மட்டும் பிடித்துப் பார்த்தால், ஏறும்போது எவ்வளவு மீறுகிறது, இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தெரியும். அந்த இரண்டு படங்களையும் சோதனை அறிக்கையோடு சேர்த்து வைக்க வேண்டும். பின்னர் நிரல் ஓடும்போதே யுஎஸ்பி கம்பியைப் பிடுங்கிப் பார்த்து, சப்ளை என்ன நிலையில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே கருவியை இணைக்கலாம்.

பதிவைப் படித்தல்

ஒவ்வொரு படிக்கும் நேரம், இலக்கு, இரு அளவீடுகள், மின்னோட்டம், சப்ளையின் நிலை, கருவியின் இயக்க நேரம், மீண்டும் தொடங்கிய காரணம், செய்தி அனுப்பியதா என்பவற்றைக் காற்புள்ளியிட்ட கோப்பில் எழுதி வைத்தால் எந்த விரிதாளிலும் திறக்கலாம். மேல் படிகளில் கருவியின் இயக்க நேரம் அறுந்துபோகாமல் ஏறிக்கொண்டே போகும். கீழ்ப் படிகளில் ஒவ்வொரு முறையும் 0-இலிருந்து தொடங்கும். இரண்டும் எதிர்பார்த்தவையே, தரநிலையின் வகைப்பாட்டில், இறக்கத்தின்போது வேலை நின்று பிறகு தானாகவே மீள்வது ‘சி’ நிலை. ஓட்டுநரோ வேறொருவரோ கைவைத்து மீட்க வேண்டியிருந்தால் அது ‘டி’.

கவனமாகப் பார்க்க வேண்டியது நடுப்பகுதி. எஸ்ஐஎம்800 போன்ற மோடங்களுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை தேவை, மைக்ரோகண்ட்ரோலருக்கு 3.3 வோல்ட்டோ அதற்கும் குறைவாகவோ போதும். உள்ளீடு 5.40, 4.95, 4.50 என்று இறங்கும்போது, டையோடிலும் கன்வெர்ட்டரிலும் இழப்பது போக மோடத்துக்கு 3.4-க்குக் கீழே போய், அது மட்டும் விழுந்துவிடும் ஒரு படி வரும். மைக்ரோகண்ட்ரோலர் விழவில்லை, அதன் இயக்க நேரம் தொடர்ந்து ஏறுகிறது, மோடம் நெட்வொர்க்கில் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டு, போய்ச் சேராத செய்திகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இயக்க நேரத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்தப் படி தேறியதாகவே தெரியும். 60 நொடி கழித்தும் செய்தி போகவில்லை என்ற ஒற்றை நெடுவரிசைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். வாகனத்தில் இப்படி நேர்ந்தால் யாராவது மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும்வரை கருவி வாயடைத்துக் கிடக்கும்.

அப்படிப்பட்ட படி ஒன்று தெரிந்துவிட்டால், அதன் மேலும் கீழும் உள்ள இரண்டு படிகளுக்கு இடையே 50 மில்லி வோல்ட் இடைவெளியில் இன்னொரு வரிசையை ஓட்ட வேண்டும். அதே சுழற்சிதான், தொடக்கம், முடிவு, இடைவெளி மூன்றும் மாறுகின்றன. இம்முறை ஒவ்வோர் அழுத்தத்தையும் பலமுறை திரும்பச் செய்வது அவசியம், ஏனெனில் எல்லையோரத்தில் மோடம் அந்தக் கணத்தில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததா, சும்மா இருந்ததா என்பதைப் பொறுத்து முடிவு மாறும். நினைவகத்தில் எழுதும் வேலையும் அப்போது நடக்கும்படி கருவியின் மென்பொருளை அமைத்துவிட்டால், அழுத்தம் குறைந்த நிலையில் எழுதப்பட்டுச் சிதைந்த தரவும் இதே ஓட்டத்தில் பிடிபடும். மைக்ரோகண்ட்ரோலரின் குறையழுத்தக் கண்காணிப்பு அணைக்கப்பட்டிருந்தால் இந்தச் சிதைவு எளிதில் நேரும். ஆகவே மென்பொருள் எழுதியவரிடம் அந்த அமைப்பு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டு, அந்த எண்ணையும் பதிவுக் கோப்பின் தலைப்பில், சப்ளையின் *ஐடிஎன்? பதிலுக்குக் கீழே எழுதி வைக்க வேண்டும்.